கட்டத்திரையின் முன்னால்

திறந்தவெளியில் ஒருவரை நிறுத்தி உருவப்படம் எடுக்கத் திட்டமிடும் ஒளிப்படக்கலைஞர் முதலில் பார்ப்பது சூரியனை. அந்தமானில் அந்தக் கணக்கு, சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ செல்பவரை ஏமாற்றிவிடும். தீவுக்கூட்டம் கிழக்குத் தீர்க்கரேகை 93 பாகையை ஒட்டி அமைந்திருக்கிறது. அங்குள்ள கடிகாரங்களோ 82.5 பாகைக்குரிய இந்தியத் திட்ட நேரத்தையே காட்டுகின்றன. இதனால் சூரியன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் கதிர் எழுந்துவிடும். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஐந்து மணிக்குக் கடற்கரைக்கு வரும்படி மாடலிடம் சொல்லிவைத்தவர், அவர் வந்து சேரும்போது மங்கும் வானத்தைத்தான் காட்ட முடியும்.

வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறது. எனவே முகத்தில் மென்மையாகப் படியும் அந்தியொளி நீண்ட நேரம் தங்குவதில்லை. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே நிற்கும்; புருவத்தின் நிழல் கண்குழியில் விழுந்து கண்களை மறைக்கும். வெண்மணல் இன்னொரு சிக்கல். கேமராவின் ஒளியளவி மணலின் பளபளப்பைக் கண்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள, கறுத்த முகம் மேலும் இருண்டுபோகும். அனுபவமுள்ளவர்கள் மணலை விட்டுவிட்டு முகத்தின்மீது ஒளியளந்து கொள்வார்கள். மே மாதத்தின் நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைத் தவிர்த்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான உலர்ந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இடத்தை முன்னதாகவே சென்று பார்ப்பார்கள். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் குறித்துக்கொள்வார்கள். உடையின் நிறத்தை மாடலோடு பேசி முடிவுசெய்வார்கள். உடை மாற்ற மறைவிடம் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா, மாடலுக்குத் துணையாக யார் வருகிறார் என்பதையெல்லாம் விசாரிப்பார்கள். படம் எங்கெங்கே வெளியாகும் என்பதை எழுதி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை ஒளியையும் இடத்தையும் வசதியையும் பற்றியவை. கடைசியாக உள்ள படிவத்தின் தன்மை வேறு. எதிரே நிற்பவர் 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே மட்டுமே விடை இருக்கிறது. அந்தமானில் எடுக்கப்பட்ட உருவப்படங்களின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றை அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே வாசித்துவிடலாம்.

திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காக இன்று பலரும் நாடும் இடங்களுள் ஒன்று, ஸ்ரீ விஜயபுரத்தின் கிழக்குக் கரையில் உள்ள கார்பின்ஸ் கோவ். விடியற்கால ஒளிக்கு ஏற்ற கடற்கரை. இன்னொன்று எதிரே உள்ள ராஸ் தீவு. 2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. மரவேர்கள் பற்றிப் பிளந்த ஆங்கிலேயர் காலச் செங்கற்சுவர்கள் அங்கே ஆயத்தமான பின்புலமாகக் கிடைக்கின்றன. கடற்கரைக்குத் தன் பெயரைத் தந்த ஹென்றி கார்பின் என்ற பாதிரியார்தான் 1863இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரும் அந்தமானியர் அங்கே தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவும் உடையும் தரப்பட்டன. நினைத்தபோது வெளியேறும் உரிமை தரப்படவில்லை. பின்வந்த ஆண்டுகளில் இத்தகைய இல்லங்கள் வேறு இடங்களிலும் எழுந்தன. கேமராவுடன் வந்தவர்களுக்குப் படத்துக்கு நிற்க ஆட்கள் கிடைத்தது இந்த இல்லங்களால்தான்.

இல்லங்கள் எழுவதற்கு முன்பே கேமரா வந்துவிட்டது. 1857இன் இறுதியில், தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் தேடி மருத்துவர் ஃப்ரெடெரிக் மௌவாட் தலைமையில் கல்கத்தாவிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. ஆஸ்கர் மாலித் என்ற பிரெஞ்சு ஒளிப்படக்காரரும் அதில் இருந்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக்கூடாரத்தில் கழுவ வேண்டிய காலம் அது. தீவுவாசி ஒருவரைத் திறந்தவெளியில் அவ்வளவு நேரம் அமைதியாக நிற்கவைப்பது நடக்கிற காரியமாக இருக்கவில்லை. 1858 ஜனவரியில் நடந்த ஒரு மோதலில் தீவின் ஆண் ஒருவரைக் குழு பிடித்தது. அவருடைய உண்மைப் பெயர் என்னவென்று கேட்டு எழுதிக்கொள்ள அவரது மொழி அறிந்தவர் எவரும் இல்லை. 'ஜாக்' என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவுக்குக் கொண்டுசென்று படமெடுத்தார்கள். அங்கே அவர் நோயுற்றதும் மீண்டும் தீவுக்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்தமானியர் ஒருவரின் தொடக்கக் கால உருவப்படங்களில் ஒன்று இவ்வாறு உருவாயிற்று. படம் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய படங்களுக்கு அறிவியல் ஓர் இலக்கணம் வகுத்தது. 1869இல் தாமஸ் ஹக்ஸ்லி, பேரரசின் பல்வேறு இனத்தாரையும் ஆடையின்றி நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தி, அளவுகோலுடன் படமெடுக்க வேண்டும் என்று விதிகள் எழுதினார். அதே ஆண்டு ஜான் லாம்ப்ரே, மரச்சட்டத்தில் பட்டுநூல்களைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து இரண்டு அங்குலக் கட்டங்களாக்கி, அதன்முன் ஆளை நிறுத்தும் முறையை முன்வைத்தார். கட்டங்களை எண்ணினால் உடலின் அளவு கிடைக்கும். ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம். படத்தில் இருப்பவர் யார் என்பது அந்த ஒப்பீட்டுக்குத் தேவைப்படவில்லை. பின்புலம் என்பது அழகுக்காகத் தேர்ந்தெடுக்கும் ஒன்று என்ற எண்ணம் இங்கே மறைந்து, பின்புலமே கருவியாக மாறிற்று.

இந்த முறையை அந்தமானில் மிகப் பெரிய அளவில் செயல்படுத்தியவர் மாரிஸ் விடல் போர்ட்மன். இருபது வயதை ஒட்டி, 1879இல் தீவுக்கு வந்தார். அந்தமானியருக்குப் பொறுப்பான அதிகாரியாக அந்த நூற்றாண்டின் இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். 1890களின் முற்பகுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ஒரு பெருந்தொகுப்பை உருவாக்கினார். முகங்கள், நேர்த்தோற்றங்கள், பக்கத்தோற்றங்கள், வில் செய்யும் படிநிலைகள், வாய்ச்சி செய்யும் படிநிலைகள் எனத் தொகுதி தொகுதியாகப் படங்கள். அவற்றோடு மருத்துவ அதிகாரி மோல்ஸ்வொர்த்தின் துணையோடு எடுத்த உடலளவுகள்: உயரம், எடை, உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சின் எண்ணிக்கை. படங்கள் பிளாட்டினம் முறையில் அச்சிடப்பட்டன. வெள்ளி அச்சு காலப்போக்கில் மங்கக்கூடும், பிளாட்டினம் மங்காது. 130 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த முகங்கள் லண்டனில் தெளிவாகவே இருக்கின்றன.

1896இல் மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில் போர்ட்மன், மானிடவியலாளர்களுக்கான ஒளிப்படக்கலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். திறந்தவெளி உருவப்படத்துக்கு எழுதப்பட்ட பழைய கையேடுகளில் அதுவும் ஒன்று எனலாம். கலைநயமான ஒளியமைப்பு வேண்டாம், துல்லியமே வேண்டும்; கையோ ஆயுதமோ முக்கியமானதொன்றை மறைக்காதபடி நிறுத்துங்கள்; உடலளவு தெரியவேண்டிய படங்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு அங்குலக் கட்டங்கள் தீட்டிய திரையைப் பின்னால் வையுங்கள். இப்படிச் செல்கின்றன அவருடைய அறிவுரைகள். இன்றைய படப்பிடிப்புத் திட்டத்தில் காணும் அத்தனை தலைப்புகளும் அதில் உண்டு: ஒளி, பின்புலம், நிற்கும் நிலை, கருவி, அச்சு. ஒப்புதல் என்ற தலைப்பு மட்டும் இல்லை.

அதற்குப் பதிலாக அதில் இன்னொன்று இருக்கிறது. படத்துக்கு நிற்பவர்களிடம் பொறுமை வேண்டும், அவசரம் கூடாது என்கிறார் போர்ட்மன். ஒருவர் சரியாக நிற்காவிட்டால் அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அழையுங்கள், கோபப்படாதீர்கள், அவரை மூடரென்று நினைப்பதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். கோமாளித்தனம் செய்து உங்களை எரிச்சலூட்டலாம், வேலையைக் கெடுக்கலாம், அதை நிறுத்த நீங்கள் ஏதேனும் கொடுப்பீர்கள் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வந்துவிடக் கூடாது. இது அவர் சொல்வதன் சாரம்.

மொழியியலில் பயிற்சி உள்ளவர்கள் ஒரு விலக்கைப் படிக்கும்போது, விலக்கப்பட்டது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 'இவ்வாறு சொல்லுதல் பிழை' என்று ஓர் இலக்கணநூல் எழுதினால், அக்காலத்து மக்கள் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. போர்ட்மனின் அறிவுரையையும் அப்படியே வாசிக்கலாம். கட்டத்திரையின் முன் நிறுத்தப்பட்டவர்கள் அசைந்திருக்கிறார்கள்; சிரித்திருக்கிறார்கள்; சொன்னதைப் புரிந்துகொள்ளாதவர்போல் நடித்திருக்கிறார்கள்; நிற்பதற்கு விலை கேட்டிருக்கிறார்கள். தகட்டில் பதிந்த முகங்கள் அமைதியானவை. தகட்டில் பதியாமல் போன மறுப்புகள், எடுத்தவரின் புகாருக்குள் பதிந்திருக்கின்றன. 'வேண்டாம்' என்று சொல்வதற்கு அவர்களுக்கு வேறு படிவம் ஏதும் வழங்கப்பட்டிருக்கவில்லை. உணவும் மருந்தும் புகையிலையும் தங்குமிடமும் எந்த அதிகாரியின் கையில் இருந்தனவோ, அதே அதிகாரிதான் கேமராவுக்குப் பின்னாலும் நின்றார்.

அந்தப் படங்களின் துல்லியத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பெரும் அந்தமானியர் செங்காவியைக் கொழுப்பில் குழைத்தும் வெண்களிமண்ணைக் கரைத்தும் உடலில் தீட்டிக்கொள்வார்கள். தீட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்; கணவர் உடலில் மனைவி நுண்கோடுகள் வரைவதை அக்காலத்தவர் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதாவது, படத்துக்கு வந்து நின்றவர் ஏற்கெனவே ஒருவரின் கைவண்ணத்தைத் தாங்கிய உடலோடு நின்றிருக்கக்கூடும். ஆனால் 1890களின் ஒளிப்படத் தகடுகள் நீலத்தை நன்கு உணர்பவை. சிவப்பை ஏறக்குறைய உணராதவை. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல்தான் கடைக்கு வந்தன. எனவே அத்தகைய தகட்டில் வெண்களிமண் கோடு பளிச்சென்று விழும். செங்காவிப் பூச்சு கறுத்த தோலோடு கலந்து மறைந்துவிடும். பழுப்பு நிறத் தோலே இருப்பதைவிடக் கறுப்பாகப் பதியும். வண்ணப்படங்களின் காலத்திலும் இந்தக் கதை முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் வெள்ளைப் பெண்ணின் முகமே நிறத்தின் அளவுகோலாக இருந்தது. யாருடைய தோல் அளவுகோலாகிறது என்பதைக் கருவி செய்தவர்கள் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தார்கள்.

போர்ட்மன் வெறும் ஒளிப்படக்காரர் அல்லர். 1887இல் அந்தமான் மொழிகளுக்கு ஒரு கையேடும், 1898இல் தென் அந்தமான் இனக்குழுக்களின் மொழிகள் பற்றிய குறிப்புகளும் வெளியிட்டவர். எட்வர்ட் ஹொரேஸ் மேன், ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் ஆகியோரோடு சேர்த்து எண்ணத்தக்க தொடக்கக் கால மொழிப்பதிவாளர். இவர்களைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது அம்மொழிகளின் முன்னொட்டு அமைப்பு. அங்கே உடலே இலக்கணம். தென் அந்தமானின் அகா-பியா மொழியில் 'பெரிங்க' என்றால் 'நல்ல' என்று பொருள். அதன்முன் கையைக் குறிக்கும் 'உன்' சேர்ந்தால் கைத்திறன் உடையவர்; கண்ணைக் குறிக்கும் 'இக்' சேர்ந்தால் கூரிய பார்வை உடையவர்; நாவைக் குறிக்கும் 'அகா' சேர்ந்தால் மொழிவல்லவர்; தலையையும் நெஞ்சையும் குறிக்கும் 'ஓத்' சேர்ந்தால் நற்பண்பாளர். மொழிப்பெயர்களின் தொடக்கத்தில் வரும் 'அகா' என்பதும் அந்த நாவேதான். மென்மையைக் குறிக்கும் 'யோப்' என்ற சொல்லும் இப்படியே: பஞ்சுபோன்ற உருண்டைப் பொருளின் மென்மைக்குத் தலையின் முன்னொட்டு, கூர்நுனி கொண்ட குச்சியின் மென்மைக்கு நாவின் முன்னொட்டு. மனிதரை மட்டுமன்றி மரத்தையும் கயிற்றையும்கூட உடலின் உறுப்புகளைக் கொண்டே அம்மொழி அளந்தது. பிற்காலத்தில் அன்விதா அப்பி எஞ்சியிருந்த பேச்சாளர்களிடம் ஆய்வுசெய்து, உடலை ஏழு பகுதிகளாகப் பிரிக்கும் இந்த வகைப்பாடு இலக்கணம் முழுவதும் ஊடுருவி நிற்பதை விரிவாக எழுதினார்.

தமிழ் பேசுபவருக்கு இது முற்றிலும் அந்நியமன்று. கைராசி, நாவன்மை, தலைக்கனம், கண்ணேறு என்று தமிழும் உறுப்புகளின் வழியே குணங்களைச் சொல்கிறது. ஆனால் தமிழில் அது சொல்வளம். அங்கே அது இலக்கணம். எந்த உறுப்பைச் சார்ந்தது என்று சொல்லாமல் ஒருவரை 'நல்லவர்' என்றுகூடச் சொல்லிவிட முடியாது. இந்த நுட்பத்தை நன்கு அறிந்த ஒருவரே அந்த மொழியின் பேச்சாளர்களைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் முன் நிறுத்தி அங்குலக் கணக்கு எடுத்தார் என்பதுதான் போர்ட்மனின் வாழ்க்கையிலுள்ள முரண். உலகத்தைத் தம் உடலால் அளந்தவர்களின் உடல், அவர்கள் அறியாத ஓர் அளவுகோலால் அளக்கப்பட்டது. கையால் நல்லவர் யார், நாவால் நல்லவர் யார், நெஞ்சால் நல்லவர் யார் என்று அவர்களுடைய மொழியிலேயே கேட்டு அடிக்குறிப்பு எழுதும் தகுதி அவருக்கு இருந்தது. தொகுதிகளில் நிறைந்திருப்பதோ உயரமும் எடையும்.

அவரை எளிதில் வில்லனாக்கிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. 1880இல் வடக்கு சென்டினல் தீவுக்குப் படையோடு சென்று, முதியவர் இருவரையும் குழந்தைகள் நால்வரையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தவர் அவர். அனைவரும் நோயுற்றனர், முதியவர் இருவரும் இறந்தனர், குழந்தைகள் பரிசுப்பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். பின்னாளில், 1899இல் எழுதிய வரலாற்று நூலில், அந்தச் செயல் அம்மக்களின் அச்சத்தையும் பகையையும் கூட்டியதைத் தவிர வேறெதையும் சாதிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டவரும் அவரே. வெளியாரின் தொடர்பு இந்த மக்களை அழிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அழிவதற்குள் பதிந்துவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் அத்தனை தகடுகளும் செலவாயின. அந்த அவசரம் நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அழிகின்ற ஒருவரைப் படமெடுக்கும்போது அவருடைய சம்மதம் தேவையற்றதாகத் தோன்றிவிடுகிறது. மொழிகளைப் பதிவுசெய்யச் செல்லும் இன்றைய ஆய்வாளரின் கையிலுள்ள ஒலிப்பதிவுக் கருவிக்கும் இது பொருந்தும்.

அழிவின் கணக்கு இது. 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது பெரும் அந்தமானியர் ஏறத்தாழ 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1877இல் பரவிய தட்டம்மையும் பிற நோய்களும் வாரிக்கொண்டுபோன பின், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். தம் மொழியில் பேச ஆளில்லாமல் அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததை அன்விதா அப்பி பதிவுசெய்திருக்கிறார். சாரே மொழியின் கடைசிப் பேச்சாளர் லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். இன்று எஞ்சியிருக்கும் சில பத்துப் பேரின் முன்னோர்களது முகங்கள், அவர்களது வீட்டுச்சுவரில் தொங்கவில்லை. கடல்கடந்த அருங்காட்சியகத்தின் பெட்டிகளில் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டிலும் கேமரா தொடர்ந்து வந்தது. 1974இல் ஆவணப்படக் குழு ஒன்று வடக்கு சென்டினல் கரையை நெருங்கிப் பரிசுப்பொருள்களை வைத்தது. தீவிலிருந்து அம்புகள் வந்தன. ஒன்று இயக்குநரின் தொடையில் தைத்தது. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைக்கும் காணொளி வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. அந்தமான் பெருவழிச்சாலையில் ஜிர்கடாங் சோதனைச்சாவடியைத் தாண்டிச் செல்லும் வாகன வரிசையில் ஜாரவா மக்களைப் படமெடுப்பது குற்றம் என்பது இன்று ஒவ்வொரு பயணிக்கும் சொல்லப்படுகிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் 2012இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அதற்குச் சட்டவலு தருகின்றன. நூறாண்டுக்கு முன் கேமராவின் முன் வந்து நிற்கவைத்த அரசாங்கம் என்ற அமைப்பே, இப்போது கேமராவை இறக்கச் சொல்கிறது. இரண்டு காலத்திலும் முடிவெடுத்தது வேறொருவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் இரண்டாவது முடிவு, முதலாவது செய்த கேட்டை அறிந்து எடுக்கப்பட்டது.

இந்த நீண்ட வரிசையில், படத்தில் இருப்பவரே தம் நிலையைத் தேர்ந்தெடுத்த ஒரு படம் உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குச் சில நாள்கள் கழித்து, வடக்கு சென்டினல் மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க இந்தியக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் அத்தீவின்மேல் பறந்தது. கடற்கரையில் ஒருவர் வில்லை உயர்த்தி ஹெலிகாப்டரைக் குறிவைக்கிறார். படத்தில் முகம் தெளிவாக இல்லை. ஒளியும் கோணமும் எவராலும் திட்டமிடப்படவில்லை. பின்புலத்தில் கட்டங்கள் இல்லை. மணல் மட்டுமே இருக்கிறது. உயரமோ எடையோ அதிலிருந்து கணக்கிட முடியாது. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்பது எவருக்கும் விளங்காமல் போகாது. பிளாட்டினத்தில் அச்சான எத்தனையோ முகங்களில் கிடைக்காத செய்தி, இந்த மங்கலான படத்தில் கிடைத்துவிடுகிறது.

அதற்காக, உருவப்படம் எடுப்பதே பிழை என்றாகிவிடாது. தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளியர், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், கைதிகளின் வழித்தோன்றல்கள் என்று பலரும் வாழும் தீவு அது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களுள் ஒருவர் தம் முகத்தை ஒரு நல்ல ஒளியில் காண விரும்பி, விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து கார்பின்ஸ் கோவ் மணலில் வந்து நிற்பாரானால், அது அவருடைய உரிமை. அவருக்காகச் செய்யும் திட்டத்தில் சூரியனின் நேரத்துக்கு முன்பாக எழுத வேண்டிய சில வரிகள் உண்டு. எந்த மொழியில் அவர் இயல்பாகப் பேசுகிறாரோ அந்த மொழியில் அவரிடம் பேசியாயிற்றா? எப்படி நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், எப்படி நிற்க விரும்புகிறார் என்று கேட்டாயிற்றா? எடுத்த படங்களை அங்கேயே அவருக்குக் காட்டி, பிடிக்காதவற்றை நீக்கச் சம்மதம் உண்டா? படப்பிடிப்பின் நடுவில் 'போதும்' என்று சொன்னால், அவருடைய கூலியோ மரியாதையோ குறையாது என்பது அவருக்கு உறுதியாகத் தெரியுமா? படத்தின் ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமா? அவர் சிரித்து, அசைந்து, வேலையைக் கெடுத்தால், அதுவும் ஒரு பதிலாக இருக்கக்கூடும் என்று எண்ணிப்பார்க்கப் பொறுமை உண்டா?

'கண்ணோட்டம்' என்ற சொல்லுக்கு இன்றைய தமிழில் பார்வைக்கோணம் என்றே பொருள் கொள்கிறோம். ஒளிப்படக்கலைஞரின் கண்ணோட்டம், ஆய்வாளரின் கண்ணோட்டம் என்று எழுதுகிறோம். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் அங்கே அதன் பொருள், எதிரே இருப்பவர்மீது கண் சென்று தங்கும்போது பிறக்கும் இரக்கம். அகா-பியா மொழியில் கண்ணுக்குரிய முன்னொட்டோடு 'நல்ல' என்று சொன்னால் கூரிய பார்வை என்றும், நெஞ்சுக்குரிய முன்னொட்டோடு சொன்னால் நற்பண்பு என்றும் இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழ் அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்தது. நாளை விடியலில் முக்காலியை மணலில் ஊன்றப்போகிறவர் அந்தப் பழைய பொருளையும் உடன் எடுத்துச் செல்லலாம். எடை கூடாது.